ஆட்டையும் சேர்த்துக் கொடுங்கள்!

(தலைப்பு: பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொடையாளர் கொடுக்க வேண்டியது பட்டத்துக்கு வழியா? தொழிலுக்கு வழியா? ‘தொழிலுக்கு வழியே!’ என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தலைவர் அவர்களே, எதிர்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து அடுத்து எப்படி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே, கூடியிருக்கிற பெரியோர்களே, வீட்டில் குக்கர் விசிலுக்கு நடுவிலும் எங்கள் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கணக்குச் சொன்னார். “ஒரு பிள்ளையைப் பட்டதாரி ஆக்கினால் மூணு தலைமுறை தலை நிமிரும். அதனால தர்மம் பண்றவங்க காலேஜ் ஃபீஸைக் கட்டுங்க”ன்னார். நீங்கள் பலமாகக் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குத் தட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் அவர் பேசும்போது நடுவிலே மைக் நின்று போச்சு. இந்த அரங்கத்தில் எத்தனை பட்டதாரிகள் இருக்கிறோம்! ஒருத்தராவது எழுந்தோமா? ஒரு பையன் ஓடி வந்தான். வயரைப் பிடித்தான், ஒரு திருகு திருகினான். சகோதரியின் வாதம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது! (சிரிப்பு, கைதட்டல்) பட்டத்தின் பெருமையை ஊருக்குக் கேட்கவைத்ததே தொழில் தெரிந்த ஒரு கைதான். நடுவர் அவர்களே, இதை எங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு இருக்கட்டும். நாம் பேசுவது யாரைப் பற்றி? ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி. பதினாலு வயசிலிருந்து பதினெட்டு வயசு. அது எப்படிப்பட்ட வயசு தெரியுமா? வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால், பள்ளிக்கூடத்தை விட்டு முதலில் நிறுத்தப்படுகிற வயசு. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லையா? “பெரியவன் நாளையிலேருந்து வேலைக்குப் போகட்டும்.” பெண் பிள்ளையா? “படிச்சது போதும், நல்ல இடமா வந்தா முடிச்சிடலாம்.” இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்காத தெரு தமிழ்நாட்டிலே உண்டா?

காலேஜ் ஃபீஸ் கட்டுகிற தர்மம் ரொம்பப் பெரிய தர்மம். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தர்மம் எங்கே காத்துக்கொண்டு நிற்கிறது? பன்னிரண்டாம் வகுப்பு வாசலுக்கு வெளியே. அதுவும் நல்ல மார்க்கோடு வருகிற பிள்ளைக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. வாசலுக்கே வராமல் பத்தாம் வகுப்போடு நின்று போனவனுக்கு யார் கொடுப்பது? முக்கி முக்கி முந்நூறு மார்க் வாங்கினவளுக்கு யார் கொடுப்பது? அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே, பாடப் புத்தகத்தோடு சேர்த்து, சோறு போடுகிற ஒரு தொழிலைக் கற்றுக் கொடுக்கிற தர்மம்தான் முதல் தர்மம். அதுதான் எங்கள் அணியின் கட்சி.

எதிரணித் தலைவர் லேசாகச் சிரிக்கிறார். அவர் பையில் என்ன வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். “தொழில், தொழில் என்கிறீர்களே, 1953-ஐ மறந்துட்டீங்களா?” என்று கேட்கப் போகிறார். மறக்கவில்லை ஐயா. மறக்கவும் கூடாது. அந்த வருஷம் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நேரத்தைக் குறைத்தது. மிச்ச நேரத்தில் அப்பன் செய்கிற தொழிலைப் பழகு என்று சொன்னது. தமிழ்நாடு கொதித்தது. ‘குலக்கல்வி’ என்று அதற்குப் பேர் விழுந்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சராக வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் நியாயமான கோபம். சிரைக்கிறவர் மகன் சிரைக்கணும், துவைக்கிறவர் மகள் துவைக்கணும் என்று எவன் சொன்னாலும், எந்த வருஷத்தில் சொன்னாலும், எதிரணித் தலைவருக்கு முன்னால் நான் எழுந்து நின்று எதிர்ப்பேன். (கைதட்டல்)

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள். அது பத்து வயசுப் பிள்ளை. இது பதினாறு வயசுப் பிள்ளை. அங்கே தொழிலைத் தேர்ந்தெடுத்தது பிறப்பு. இங்கே தேர்ந்தெடுப்பது அந்தப் பிள்ளை. துவைக்கிறவர் மகள் மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொள்கிறாள் என்றால் அது குலக்கல்வியா? குலத்தை உடைக்கிற கல்வி! (பலத்த கைதட்டல்) மூன்றாவது வித்தியாசம்தான் முக்கியம். அங்கே கதவு சாத்தப்பட்டது. இங்கே கதவு திறந்திருக்கணும். திறந்துதான் இருக்கிறது. பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். பி.இ. சேர்க்கையில் அவர்களுக்கென்று தனி ஒதுக்கீடே இருக்கிறது. தொழில் கற்றவன் பட்டம் வாங்கக்கூடாது என்று எங்கள் அணி சொல்லவில்லை. பட்டம் வாங்கும் வரைக்கும் பட்டினி கிடக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது.

சரி, இதற்குக் கொடையாளர் எதற்கு, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அரசாங்கம் முயற்சி செய்யாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. பொது இயந்திரவியல், மின் இயந்திரங்கள், வேளாண்மை, செவிலியம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை என்று பல பிரிவுகள். 1986-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் 1990-க்குள்ளும், இருபத்தைந்து பேர் 1995-க்குள்ளும் தொழிற்கல்விக்கு வரணும் என்று இலக்கு வைத்தது. 1990-ம் வந்தது, 1995-ம் வந்தது. மாணவர்கள் வரவில்லை! 1992-ல் உட்கார்ந்து, பத்துப் பேரை 1995-க்கும் இருபத்தைந்து பேரை 2000-க்கும் தள்ளி வைத்தார்கள். கல்யாணத் தேதியைத் தள்ளிப் போடலாம். மாப்பிள்ளையே வராவிட்டால் என்ன செய்வது? (சிரிப்பு)

ஏன் வரவில்லை? “மார்க் இல்லாதவனுக்கு அந்த குரூப்” என்று நாமே முத்திரை குத்தினோம். பல இடங்களில் பட்டறையில் சாமான் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சாமான் இல்லாத தொழிற்கல்வி எப்படி இருக்கும்? தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் பாடம் எழுதிப் போட்ட மாதிரி இருக்கும். ஏட்டுச் சுரைக்காய்தான்! இந்த இடத்தில்தான் கொடையாளர் வரணும்.

கொடையாளர் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேடப் போவதில்லை. கோயம்புத்தூருக்குப் போவோம். பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு என்றொரு பெரியவர். அவருக்கு நான்கு மகன்கள். சொத்தை எத்தனை பங்கு போடணும்? நான்கு. எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லும். அந்த வீட்டில் ஐந்து பங்கு போட்டார்கள். ஐந்தாவது பங்கு யாருக்கு? தர்மத்துக்கு! தர்மத்தைக் கூடப் பிறந்த ஐந்தாவது தம்பியாக உட்கார வைத்து இலை போட்ட குடும்பம் அது. (கைதட்டல்) 1926-ல் அந்தப் பங்கைக்கொண்டு அறநிலையம் அமைத்தார்கள். அதே 1926-ல் ஒரு தொழிற்கூடம் தொடங்கினார்கள். அந்தத் தொழிற்கூடத்தில் என்ன விசேஷம்? விவசாயிக்கு வேண்டிய பம்பும் மோட்டாரும் செய்து விற்றார்கள். செய்யச் செய்யப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பாடமும் நடந்தது, உலையும் எரிந்தது. 1939-ல் பாலிடெக்னிக் வந்தது. 1951-ல் பொறியியல் கல்லூரி வந்தது. வரிசையைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே! முதலில் பட்டறை, அப்புறம் பட்டயம், அதற்கும் அப்புறம்தான் பட்டம். பட்டத்துக்கு வழியைத் தொழில்தான் போட்டுக் கொடுத்திருக்கிறது.

அதே கோவையில் ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராத மனிதர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கினார். 1945-ல் அவர் கொடையிலும் முயற்சியிலும் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பள்ளி எழுந்தது. ஒரு பிள்ளைக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதாதா என்று வாதாடி, அரசாங்கம் ஒத்துக்கொள்ளாததால் அதன் முதல்வர் பதவியையே விட்டவர் அவர். ஏழைப் பிள்ளையின் ஒவ்வொரு வருஷத்துக்கும் என்ன விலை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சகோதரி வள்ளல் அழகப்பரைத் தன் கட்சிக்கு அழைத்துக்கொண்டார். “காரைக்குடியில் கலைக் கல்லூரி வைத்தவர்”ன்னார். உண்மை, 1947-ல் வைத்தார். ஆனால் அதற்கு முன்னாலேயே, 1944-ல், அவர் கொடையால் சென்னையில் எழுந்தது தொழில்நுட்பக் கல்லூரி. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அழகப்பர் இரண்டு அணிக்கும் பொது. அவரை மட்டும் தனியாக இழுக்காதீர்கள், சட்டை கிழிந்துவிடும்! (சிரிப்பு)

இவ்வளவு சொன்ன பிறகு, எங்கள் அணிக்கே ஒரு கேள்வி இருக்கிறது. எதிரணியினர் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுவிடுகிறேன். தொழிற்கல்விக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் பிள்ளைகளிடம் போய்ச் சேருகிறதா?

ஒரு பள்ளிக்கூடத்தை மனசிலே நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புண்ணியவான் ஒரு லேத் மெஷின் வாங்கிக் கொடுக்கிறார். பந்தல், மாலை, ரிப்பன், போட்டோ எல்லாம் உண்டு. நம் கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு ‘உபயம்’ எழுதுவோமே, அதே மாதிரி லேத்திலும் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. முதல் மாசம் பிள்ளைகள் ஆசையாகக் கடைசல் பிடிக்கிறார்கள். மூன்றாவது மாசம் டூல் பிட் மழுங்குகிறது. வாங்கப் பணம் இல்லை. ஐந்தாவது மாசம் கடைவதற்கு இரும்பு ராடு தீர்ந்துவிடுகிறது. அதற்கும் பணம் இல்லை. அடுத்த வருஷம் சொல்லிக் கொடுத்த பகுதிநேர மாஸ்டர், கட்டுபடியாகவில்லை என்று கம்பெனிக்கே போய்விடுகிறார். லேத்துக்கு மேலே ஒரு சாக்குப் படுதா விழுகிறது. அரையாண்டுத் தேர்வுக்கு விடைத்தாள் அடுக்கி வைக்க அது ரொம்ப வசதியாக இருக்கிறது! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் அந்த லேத்தை நம்பி அந்தப் பிரிவிலே சேர்ந்த பிள்ளைக்குப் பதினாறு வயசு மறுபடியும் வருமா? கொடுத்தவர் கெட்டவரா? இல்லை. தலைமையாசிரியர் கெட்டவரா? அதுவும் இல்லை. கொடுத்த முறை சரியில்லை.

சரியான முறையை எங்கே போய்க் கற்றுக்கொள்வது? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் தாத்தாக்கள் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள்! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் விளக்குக் கொடை இருக்கிறது. ஒரு விளக்கு எரியணும் என்றால் விளக்கைச் செய்து வைத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடு இல்லையா, 48 பசு. அதுவும் இல்லையா, 16 எருமை. அதை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். ஆடு சாகாதா? சாகும். குட்டி போடாதா? போடும். செத்ததுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் வைத்துக்கொள்ளணும். அதனால் அந்த ஆட்டுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? ‘சாவா மூவாப் பேராடு.’ சாகவும் சாகாது, கிழடும் ஆகாது! (பலத்த கைதட்டல்) விளக்கு அணையவே கூடாது என்று நினைத்தவன், விளக்கோடு ஆட்டையும் சேர்த்துக் கொடுத்தான்.

நாம் இன்றைக்குப் பள்ளிக்கூடங்களுக்கு விளக்கைக் கொடுக்கிறோம். ஆட்டைக் கொடுப்பதில்லை! லேத் என்பது விளக்கு. டூல் பிட்டும் இரும்பு ராடும் நெய். தையல் மெஷின் விளக்கு. துணியும் நூலும் ஊசியும் நெய். மோட்டார் விளக்கு, செம்புக் கம்பி நெய். எல்லாவற்றுக்கும் மேலே, கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர் இருக்கிறாரே, அவர்தான் திரி. திரியும் நெய்யும் இல்லாத விளக்கைத் தினமும் துடைத்து வைக்கலாம், ஏற்ற முடியாது. பீளமேட்டுக்காரர்கள் செய்த பம்பு என்ன? அதுதான் அவர்களுடைய பேராடு. விற்ற பம்பு அடுத்த பிள்ளைக்கு இரும்பு வாங்கிக் கொடுத்தது.

இன்றைக்கு ஆட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம் 2014 ஏப்ரல் 1-லிருந்து என்ன சொல்கிறது? 500 கோடி நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகக் காரியத்துக்குச் செலவு பண்ணணும். எதற்கெல்லாம் செலவு செய்யலாம் என்ற பட்டியலில் வேலைவாய்ப்பு தருகிற தொழில் திறன் பயிற்சியும் இருக்கிறது. தொடர் திட்டமாக எடுத்துக்கொண்டால், தொடங்கின வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் வரைக்கும் நடத்த விதி இடம் கொடுக்கிறது. அந்தக் காலத்துக்குள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பன்னிரண்டைத் தாண்டிவிடும்! தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குக் கம்பெனிகளும் பொதுமக்களும் உதவுவதற்கென்றே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற ஏற்பாடும் வந்தது. பாதை இருக்கிறது. கேட்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அதனால் தலைமையாசிரியப் பெருமக்களே, கொடையாளர் வந்து நின்றால் “ஒரு மெஷின் வாங்கிக் கொடுங்க”ன்னு கேட்காதீர்கள். “மூணு வருஷத்துக்கு மெஷின் ஓடணும், கொடுங்க”ன்னு கேளுங்கள். சாமான் செலவைக் கேளுங்கள். மாஸ்டர் சம்பளத்தைக் கேளுங்கள். வெல்டிங் போடுகிற பிள்ளைக்குக் கண்ணாடியும் கையுறையும் நல்ல பூட்ஸும் கேளுங்கள். லீவு நாளில் பக்கத்துப் பட்டறையில் பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கேளுங்கள். “பையன் வேலைக்குப் போனால் நாலு காசு வருமே” என்று யோசிக்கிற தகப்பனை அந்தச் சின்னத் தொகை தடுத்து நிறுத்தும். இன்னொன்று, பெண் பிள்ளை என்றால் தையல்தான் என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள். அவள் கையிலே டெஸ்டரையும் கொடுத்துப் பாருங்கள்!

கொடை என்றால் கோடீஸ்வரர் வேலை என்றும் நினைக்க வேண்டாம். அறுபதாம் கல்யாணம் செய்கிறீர்களா? படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷச் செம்புக் கம்பி உங்கள் உபயம். புது வீடு கட்டுகிறீர்களா? வயரிங் செய்ய வருகிற எலக்ட்ரீஷியன் பக்கத்திலே, பள்ளியில் அனுமதி வாங்கி, இரண்டு பிளஸ் டூ பிள்ளைகளை நின்று பார்க்க விடுங்கள். ரிட்டயர் ஆன ஃபிட்டர் மாமா உங்கள் தெருவில் இருக்கிறாரா? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்பது வருஷம் இரும்பைத் தொட்ட கை அது. அந்தக் கையே ஒரு கொடை.

நிறைவாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. “என் பிள்ளை தொழில் குரூப்”ன்னு சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். எந்த அறநிலையம் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும், பெத்தவள் குரல் தாழ்ந்தால் பிள்ளை தலை தாழும். அந்தச் செலவில்லாத கொடையை நீங்கள் கொடுங்கள். நெய்க்கு ஆட்டைக் கொடையாளர் கொடுக்கட்டும்.

நடுவர் அவர்களே, பட்டத்துக்குக் கொடுக்கிற கொடை, ஏற்கெனவே வாசலைத் தாண்டின பிள்ளைக்குக் கிடைக்கிறது. தொழிலுக்குக் கொடுக்கிற கொடை, வாசலிலே தயங்கி நிற்கிற பிள்ளையைக் கைப்பிடித்து உள்ளே கூட்டி வருகிறது. உள்ளே வந்த பிள்ளை நாளைக்குப் பட்டமும் வாங்கும். ஆகவே கொடையாளர் கொடுக்க வேண்டியது தொழிலுக்கு வழியே, அதுவும் விளக்கோடு ஆட்டையும் சேர்த்தே என்று தீர்ப்பு வழங்கும்படி உங்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)